ஒரே சுருளாகச் சீவிய தோல்

ஆப்பிள் தோலை அறுந்துவிடாமல் ஒரே சுருளாகச் சீவுவது எல்லோருக்கும் வராது, ஐயா. இத்தனை வயதாகியும் எனக்கு வரவில்லை. எங்கள் படகில் அது நெட்டையனுக்கு மட்டும்தான் வரும்.

படகில் படகோட்டி, நெட்டையன், நான் என்று மூன்று பேர். மூவரிடமும் மடக்குக் கத்தி உண்டு. கயிறு அறுக்க, பழம் நறுக்க, நகம் வெட்ட, எல்லாவற்றுக்கும் அதுதான். யார் கேட்டாலும் கத்தியை மடக்கித்தான் கொடுப்போம். விரித்தபடி நீட்டினால் சண்டைக்கு இழுப்பதாக அர்த்தம். கத்திகளைத் தீட்டித் தருவது என் பொறுப்பு.

நெட்டையன் காய்ச்சல் என்று வேலைக்கு வராத ஒரு நாள், நான் வீடு திரும்பியபோது சமையலறைக் குப்பைக் கூடையில் ஆப்பிள் தோல் கிடந்தது. ஒரே சுருள்.

“யாரு வந்தது?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“யாரும் வரலையே.”

“இதை யாரு சீவுனது?”

“நான்தான். ஏன், நான் பழம் திங்கக் கூடாதா?”

சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். மறுநாள் ஆப்பிள் வாங்கி வந்து சீவித் தரச் சொன்னேன். தோல் துண்டு துண்டாக விழுந்தது. பழத்தைத் தின்றேன்.

அதன் பிறகு எதைப் பார்த்தாலும் சந்தேகம். “அண்ணி நல்லாருக்காங்களா?” என்று நெட்டையன் கேட்டால், ஏன் கேட்கிறான் என்று யோசிப்பேன். கேட்காவிட்டால், ஏன் கேட்கவில்லை என்று யோசிப்பேன். அந்தக் கண்ணோடு பார்த்தால் வீட்டுப் பூனைகூடத் திருட்டு முழிதான் முழிக்கும்.

அந்தச் சமயத்தில்தான் அவன் கத்தியைத் தீட்டக் கொடுத்தான். நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தேன்.

“கத்தி இல்லாம கை ஒடிஞ்ச மாதிரி இருக்குண்ணே,” என்றான். தருகிறேன் என்று சொன்னேன். கத்தி என் பையிலேயே இருந்தது.

அன்று வலை இறக்கும்போது, ஓடும் கயிறு அவன் கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. அதை நான் செய்யவில்லை, கயிறு செய்தது. ஒரு கையால் விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை என் பக்கம் நீட்டினான்.

“அண்ணே, கத்தி!”

கொடுத்தேன். எங்கள் கத்திகளை விரிக்க இரண்டு கை வேண்டும். அவன் பல்லால் இழுத்துப் பார்த்தான். விரியவில்லை. பிறகு பிடி நழுவியது. வலையோடு போய்விட்டான்.

இயந்திரச் சத்தத்தில் படகோட்டிக்கு எதுவும் கேட்கவில்லை. நான் நடந்ததைச் சொன்ன பிறகு என் தோளைத் தட்டி, “நீயும் கத்தி குடுத்துப் பாத்திருக்க. அவன் நேரம், என்ன பண்றது?” என்றார். எல்லோரும் எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள்.

வலையோடு வந்த உடலை அடக்கம் செய்த பிறகுதான் என் மனைவி அழுதுகொண்டே சொன்னாள். அன்று வந்தது நெட்டையனின் மனைவியாம். அப்படிச் சீவ அவளுக்கு அவன்தான் கற்றுக்கொடுத்தானாம். கடலை நினைத்தாலே பயமாக இருக்கிறது, அவருக்குக் கரையில் ஏதாவது வேலை பார்த்துக் கொடுங்கள் என்று அழுதிருக்கிறாள். நான் கேலி செய்வேன் என்று பயந்து, என்னிடம் மூச்சுவிடக் கூடாதென்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். என் மனைவியும் அதைக் காப்பாற்றியிருக்கிறாள். நல்ல குணம்தான். ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னைக் கேட்டால் பாதிப் பழி அவளுக்கு.

கயிற்றை நீயே ஏன் அறுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். பதறிவிட்டேன் என்று முதலில் சொன்னது பொய். அப்போது நான் வலைச் சிக்கலை அறுத்துக்கொண்டிருந்தேன். என் கத்தி கையில் விரிந்தே இருந்தது. கயிறு கைக்கு எட்டும் தூரத்தில்தான் ஓடியது. நான் கத்தியைக் கால்சட்டையில் துடைத்தேன். மடக்கினேன். பிறகு நீட்டினேன். அவனுக்குச் செய்ய வேண்டிய மரியாதையில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை, ஐயா.