ஒன்பதாவது நிபந்தனையும் ரப்பர் பையும்

என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி ஆகியவை மூன்று நாட்களுக்கு முன் இதே காவல் நிலையத்தில் நான் கொடுத்த முதல் வாக்குமூலத்தில் உள்ளபடியே. அவற்றில் பொய் இல்லை. மற்றதைத் திருத்திச் சொல்லத்தான் இன்று காலை பதினொரு மணிக்கு, யாரும் கூப்பிடாமல், நானாக வந்திருக்கிறேன். வயது நாற்பத்தொன்பது.

நான் அலுமினிய ஏணி செய்யும் தொழிற்சாலையில் இருபத்தொரு வருடமாகச் சரக்கு அனுப்பும் பிரிவைப் பார்த்து வருகிறேன். முதலாளி என் மாமனார். அவருடைய மூத்த மகளைக் கட்டியவன் நான். இளைய மகளைக் கட்டியவர் என் சகலை, வயது முப்பத்தாறு, சட்டம் படித்தவர், இரண்டு வருடம் முன்புதான் தொழிற்சாலைக்கு வந்தார். தொழிலாளர்கள் என்னை லோடு மாப்பிள்ளை என்றும் அவரை பேப்பர் மாப்பிள்ளை என்றும் சொல்வார்கள். முன்விரோதம் உண்டா என்று ஐயா கேட்டீர்கள். முன்விரோதம் இல்லை. பொறாமை உண்டு. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஏணியின் காலில் மாட்டும் ரப்பர்களை நாங்கள் பொருத்தி அனுப்புவதில்லை. பொருத்தினால் ஏணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கிக் கட்ட முடியாது. அதனால் ரப்பர்கள் தனிப் பையில் போகும், வாங்குகிறவர் மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டாமல் வழுவழுப்பான தரையில் நிறுத்தினால் ஏணி சறுக்கும். இதை வருகிற ஒவ்வொருவரிடமும் நானே பையைப் பிரித்து, ஒரு ரப்பரை எடுத்து மாட்டிக் காட்டி, "செருப்புப் போடாம ஏணிய நிக்க வைக்காதீங்க" என்று சொல்லித்தான் வண்டியை அனுப்புவேன். இருபது வருடத்தில் ஒரு ஆள் விழுந்ததில்லை.

அதன் பிறகு சகலை வந்து, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லி, ஒரு வாரம் டீ வாங்கிக் கொடுத்து என் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வியாய்க் கேட்டார். நானும் ஏமாளி மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். வழியில் நசுங்கினால் எத்தனை நாளில் சொல்ல வேண்டும், பிரித்த கட்டைத் திருப்பி எடுப்போமா மாட்டோமா, ஏணி எவ்வளவு எடை தாங்கும், எல்லாம். அவர் அதைப் பதினெட்டு விற்பனை நிபந்தனைகளாக ஒரே பக்கத்தில் அச்சடித்தார். ஒன்பதாவது நிபந்தனை ரப்பர் பற்றியது. நான் சொன்னதேதான், செருப்பு என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டார். தாளின் அடியில் 'தயாரித்தவர்' என்று போட்டு அவர் பெயர் இருந்தது.

மாதாமாதம் தாள்களை என்னிடம் கொடுத்து, சரக்கு ஏற்றுவதற்கு முன் வாங்குகிறவரிடம் ஒன்றைக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று சொன்னார். "சரக்கு போன பின்னாடி காட்டுற நிபந்தனை செல்லாது அண்ணே. முன்னாடியே காட்டணும். அது உங்க கையிலதான் இருக்கு" என்றார். இரண்டு மாதம் ஒழுங்காக வாங்கினேன்.

அதற்குப் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிடும்போது, மாமனார் அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து, "இருபது வருஷமா இவன் தொண்டை கிழியக் கத்தினதை சின்ன மாப்பிள்ளை ஒரு பக்கத்துல அடக்கிட்டார் பாரு" என்று மாமியாரிடம் காட்டினார். "அண்ணன்தான் எல்லாம் சொன்னார் மாமா" என்று சகலை சொன்னார். அதை நான் மறைக்கக் கூடாது. ஆனால் யார் காதிலும் அது விழவில்லை. மாமனார் என் பக்கம் திரும்பி, "இனிமே நீ பையைப் பிரிச்சு வித்தை காட்ட வேண்டாம். பேப்பர் பேசும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், என் மனைவியும் சிரித்தாள்.

அதே வாரம் என் தலைக்கு மேல் இருந்த பெரிய ஃபேனைக் கழற்றிச் சகலையின் அறையில் மாட்டினார்கள். பேப்பர் பறக்கிறது என்று அவர் அதைப் போடுவதே இல்லை. நான் கூரைத் தகட்டுக்குக் கீழே வெந்துகொண்டிருந்தேன், ஃபேன் அங்கே சும்மா தொங்கியது. இது வழக்குக்குத் தேவையா என்று ஐயா கேட்டீர்கள். எனக்குத் தேவை.

அன்று முதல் நான் யாரிடமும் ரப்பரைக் காட்டவில்லை. பேப்பர் பேசட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பேப்பரையும் யாருக்கும் கொடுக்கவில்லை. சகலை பெயரை ஊரெல்லாம் நான் எதற்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று வயிறு எரிந்தது. தாள்களை என் மேஜையின் மூன்றாவது டிராயரில், சாக்குத் தைக்கும் ஊசிகளுக்கு அடியில் போட்டுப் பூட்டினேன்.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பெயிண்டிங் காண்ட்ராக்டர் ஒருவர் வேனில் வந்து பன்னிரண்டு ஏணிகள் எடுத்தார். ரப்பர் பையைக் கட்டுக்கு அடியில் நான்தான் செருகினேன். வண்டியில் ஏறும்போது அவர், "வேற ஏதாவது சொல்லணுமா சார்?" என்று கேட்டார். நான், "ஒண்ணுமில்ல, கிளம்புங்க" என்றேன்.

ஒன்பது நாள் கழித்து ஒரு பள்ளிக்கூடத்தின் டைல்ஸ் போட்ட ஹாலில் ஏணி சறுக்கி, பெயிண்ட் அடிக்கும் அம்மா ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ரப்பர் பை பிரிக்காமலே சுவரில் ஆணியில் தொங்கியது. ஏதோ உபரி சாமான் என்று நினைத்து மாட்டி வைத்திருக்கிறார்கள்.

அதன் பிறகு நீங்கள் தொழிற்சாலைக்கு வந்து, எச்சரிக்கை கொடுத்ததற்குச் சாட்சி என்ன என்று கேட்டபோது, சகலை, "கையெழுத்து வாங்கின தாள் அண்ணன்கிட்ட இருக்கும்" என்று நிம்மதியாகச் சொன்னார். நான், அந்த மாதத்துக்கான தாள்களை அவர் எனக்குக் கொடுக்கவே இல்லை என்று சொன்னேன். பிறகு இங்கே கூப்பிட்டு அதைத்தான் முதல் வாக்குமூலமாக எழுதினீர்கள். அது பொய். அந்தப் பொய்யை வைத்துத்தான் சகலையை இங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள். அவர் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து ஒரு நிமிடம் எனக்கு மனசு குளிர்ந்தது.

முந்தாநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த அம்மா என்னை காண்ட்ராக்டரின் ஆள் என்று நினைத்து, "பதினஞ்சு வருஷமா ஏணி ஏறுறேன். நான் கால் வச்சது தப்பாய்யா?" என்று கேட்டார். "தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நேற்று கொழுந்தியாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சகலை உங்களிடம், "அண்ணன் பொய் சொல்ல மாட்டார். நான்தான் தாளைக் கொடுக்க மறந்திருப்பேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். என் மனைவி அழுதுகொண்டே, "என்ன மனசு பாருங்க அவருக்கு" என்று என்னிடமே சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை. நான் செய்த தப்பிலும் நல்ல பேர் அவருக்கா? இதையும் அவருக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன். நான் யோக்கியனாகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் அந்த அம்மா கேட்டதும் காதை விட்டுப் போகவில்லை.

டிராயரில் இருந்த முப்பத்தொரு தாள்களையும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். ஒன்றிலும் வாங்கியவர் கையெழுத்து இல்லை. எல்லாவற்றிலும் சகலை பெயர் இருக்கிறது. அவரை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் யாராவது இதைப் படித்துக் காட்ட வேண்டும். அந்த அம்மா கால் வைத்தது தப்பில்லை.

மேலே உள்ளவை யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நான் வாயால் சொன்னவை. எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார், சொன்னபடியே இருக்கின்றன. ஃபேன் பற்றியதை எடுத்துவிடலாமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். இந்தத் தாளின் அடியில் என் பெயர் மட்டும் இருக்கட்டும்.

(கையெழுத்து)