டிவி மேல் இருந்த ஃப்ளாப்பி

"சாவிய உள்ளயே வச்சிப் பூட்டிட்டீங்க" என்று எனக்கு முன்னிருக்கையில் இருந்த அம்மாள் தம் கணவரிடம் சொன்னார். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை செல்லும் பேருந்து அப்போதுதான் மலையேறத் தொடங்கியிருந்தது. அந்த அம்மாள் மலைப் பள்ளியொன்றின் எழுத்தர் என்பதும், கணவர் முதல்நாள் அப்பள்ளியின் கணினியைச் சீர்செய்தவர் என்பதும் பேச்சிலேயே விளங்கின.

"மெஷின் லேசாவட்டும்னு அத்த ஓட்ற மூல புரோகிராம், அந்தக் கர்னல மாத்தினேன். பழைய வகை புரோகிராம ஓட்ற பகுதிய அதுல சேக்காம, தனி ஃபைலா வச்சேன். வேணும்னா சேத்துக்கலாம்."

"எதால சேப்பீங்க?"

"அதுக்குன்னு ஒரு புரோகிராம் கீது."

"அது இன்னா வகை?"

"அதுவும் பழசுதான்."

"நல்லா கீது. அந்தப் பகுதிய சேக்கற புரோகிராம் ஓடறதுக்கே அந்தப் பகுதி வேணும்; அதத்தான் சாவின்னேன். பரீட்ச எழுதற புள்ளைங்க லிஸ்ட் எடுக்கற புரோகிராமும் பழசு. சாயங்கால வண்டில லிஸ்ட் கீழ போவலன்னா ஒரு புள்ளையும் எழுத முடியாது. பழைய கர்னல் எங்க?"

"ஃப்ளாப்பில எடுத்து வச்சிருக்கேன்."

"ஃப்ளாப்பி?"

"வூட்ல. டிவி மேல."

அந்த அம்மாள் எழுந்து, நடத்துநரிடம் சொல்லி வண்டியை நிறுத்தினார். கணவர் இறங்கியதும் ஜன்னல் வழியே சோற்றுத் தூக்கை நீட்டினார்.

"துன்னுட்டு, அடுத்த வண்டில வந்துடுங்க."

"உனக்கு?"

"எனக்கு வவுறு எரிஞ்சிகினு கீது. அது போதும்."

ஒவ்வொரு வளைவிலும் அந்த அம்மாள் கீழ்ச்சாலையை எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் மனைவி மறைந்தபின் யாருக்காகவும் நான் அப்படிப் பார்த்ததில்லை. மூன்றாம் வளைவில், கணவர் கீழே போகும் ஒரு பால் வண்டியில் ஏறுவது தெரிந்தது.

"சோத்துத் தூக்க எங்கனா வுட்டுடுவாரு" என்றார் அந்த அம்மாள், யாரிடமும் இல்லாமல்.