ரிசைன்

தருமபுரியிலிருந்து இண்டூர் பஸ் கிளம்பியதும் எனக்கு முன் சீட்டிலிருந்த இளம்பெண் கேட்டாள்: "ரீன்னா மறுபடியும்னுதானேக்கா அர்த்தம்?"

பக்கத்திலிருந்தவளுக்கு நாற்பது வயதிருக்கும்.

"ரீசார்ஜ்னா மறுபடி சார்ஜ். ரீபில்னா மறுபடி நிரப்பறது. நம்ம கம்பெனியில உங்களுக்குக் குடுத்த பேப்பர்ல ரிசைன்னு பார்த்ததும், மறுபடி சைன் கேக்கறாங்கன்னு நெனச்சிட்டேன். அதான் உங்களப் போடச் சொன்னேன்."

"வேலைய வுட்டு நின்னுக்கறேன்னு அர்த்தமாம். ஆபீஸ்ல சிரிச்சிக்கிட்டே சொல்றாங்க. எட்டு வருசம் அதே கம்பெனி, சுமதி."

"பிளஸ் டூ வரைக்கும் இங்கிலீஷ் படிச்சேனேக்கா."

"அதனாலதான் உங்கிட்ட கேட்டேன். தெரியலன்னு சொல்லியிருந்தா வேற யாரையாச்சும் கேட்டிருப்பேன்."

சுமதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்குச் சந்தேகமாத்தாங்க்கா இருந்துச்சு. எல்லாரும் சுத்தி நின்னாங்க. தெரியாதுன்னு சொல்ல வெக்கமாப் போச்சு."

இண்டூர் வந்ததும் மூத்தவள் எழுந்தாள். அழுதுகொண்டிருந்த சுமதியின் தோளைத் தொட்டு, "நாளைக்கு நீ வேலைக்குப் போ. எனக்காகன்னு வூட்டுல நின்னுடாத," என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.