மாணவன் அ

– ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க. இதை யாரு முதல் பக்கத்துல போட்டது?

– நான்தான். கோட்டுச்சேரி ஃப்ளெக்ஸ் கடையில சொல்லி டிசைன் பண்ணி வாங்கியாந்தேன். நல்லா இல்லியா லேகா?

– மாலை, குத்துவிளக்கு, தோற்றம், மறைவு, கண்ணீர் அஞ்சலி... ஏங்க, இது என் பி.எட். போர்ட்போலியோங்க. நான் என்ன படிச்சேன், எப்படிப் பாடம் எடுத்தேன்னு காட்டுறதுக்கு யுனிவர்சிட்டில கேக்குறாங்க. ரோட்டுல கட்டுற தட்டியா இது?

– ரைட்டு. ரோட்டுலயும் கட்ட வுடல, வீட்டுலயும் மாட்ட வுடல. நெட்டுலயாவது நம்ம புள்ள இருக்கட்டுமேன்னு போட்டேன். தப்புதான், வுடு.

– நான் திட்டலீங்க. உக்காருங்க. திங்கக்கிழமை லிங்க் அனுப்பணும். நீங்க அடிச்சாத்தான் வேலை முடியும். நான் ஒவ்வொரு எழுத்தா தேடித் தேடி அடிச்சா பொங்கல் வந்துரும்.

– சரி, சொல்லு. என்னென்ன பக்கம் வேணும்?

– முதல்ல என்னப் பத்தி. அப்புறம் நான் எழுதுன பாடத் திட்டம், புள்ளைங்களுக்குச் செஞ்ச அட்டை, பொம்மையெல்லாம். அதுக்கப்புறம் கேஸ் ஸ்டடி. அதுக்குத்தான் மார்க்கு ஜாஸ்தி. நடக்க முடியாத, பேச முடியாத புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குற படிப்புல்ல இது? ஒரு புள்ளைய வருஷம் பூரா கூடவே இருந்து கவனிச்சு எழுதணும். நான் நம்ம புள்ளையத்தான் எழுதியிருக்கேன்.

– தெரியும். காலையில எடுத்துப் படிச்சேன். படிச்சதுலேருந்து சோறு எறங்கல.

– ஏன், என்ன ஆச்சு?

– ‘மாணவன் அ. வயது எட்டு. பேச்சு இல்லை. கைப்பிடிமானம் இல்லை. உட்கார உதவி தேவை.’ யாருடி அது மாணவன் அ? திருநள்ளாத்துல வச்சு ஹரிஹரன்னு பேரு வுட்டமே, அது என்ன ஆச்சு?

– ரூலுங்க. எழுதுற புள்ளையோட பேர மாத்தணும். மூஞ்சி தெரியக் கூடாது. நெட்டுல போட்டா யாரு கைக்கு வேணாலும் போவும். நாளைக்கு அந்தப் புள்ளைய யாரும் கேலி பண்ணிடக் கூடாதுன்னு வச்சிருக்காங்க.

– இனிமே அவனை யாரு கேலி பண்ணப் போறா?

– அப்படியெல்லாம் பேசாதீங்க.

– பின்ன எப்படிப் பேசச் சொல்ற? போன ஐப்பசி மழையில நெஞ்சுச் சளின்னு தூக்கிட்டுப் போனோம். துணியில சுத்திக் குடுத்தாங்க. சின்னப் புள்ளைக்குத் திதி கெடையாது, பொதைச்சதோட சரின்னுட்டாங்க. பதினாறும் கும்பிடல. படம் மாட்டுனா அடுத்தது தங்காதுன்னு எங்க அண்ணன் செவத்துல அடிச்ச ஆணியையே புடுங்கிட்டுப் போனாரு. வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவன் பேரச் சொல்லி ஒரு இலை போட வழியிருக்கா நமக்கு?

– இல்லதான்.

– கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ்ல ஊரு சனம் அத்தனை பேரு பேரும் அடிக்கிறேன். பொறந்தது, போனது, எல்லாம். என் புள்ள பேர நான் கடைசியா அடிச்சது எறப்புப் பதிவுல. ‘பஞ்சநாதன் சார், நீங்க தள்ளுங்க, நான் அடிக்கிறேன்’னு பக்கத்து சீட்டு ராஜ்மோகன் வந்தான். நான்தான் வுடல. தப்பா அடிச்சிருவானோன்னு பயம்.

– இதை எங்கிட்ட சொல்லவே இல்லியே நீங்க.

– என்னத்தச் சொல்றது. நீ எந்திரிச்சு ஒரு வாய் தண்ணி குடிச்சாலே பெருசா இருந்த நேரம் அது.

– அப்ப ஒண்ணு பண்ணுவோம். கேஸ் ஸ்டடிய எடுத்துடறேன். மாணவன் அ-வும் வேணாம், ஒண்ணும் வேணாம்.

– வேற புள்ளைய எழுத முடியுமா?

– திங்கக்கிழமைக்குள்ளயா? எங்க முடியும். ஃபெயிலுதான். அடுத்த வருஷம் பாத்துக்கலாம். அவன் போயி, அவனை எழுதி மார்க் வாங்கி நான் என்ன பண்ணப் போறேன்னு எனக்கும் தோணாம இல்லீங்க.

– பைத்தியமா உனக்கு? அவனை இடுப்புல வச்சுக்கிட்டு பஸ்ஸுல நின்னுக்கிட்டே போயிப் பரிச்சை எழுதினவ நீ. இப்ப வுடுறேங்குற!

– அப்ப இந்தச் சம்மதக் கடுதாசியில கையெழுத்துப் போடுங்க. எழுதுறது அம்மாவா இருக்கிறதால அப்பாதான் போடணுமாம்.

– போட மாட்டேன். மாணவன் அ-வுக்கு நான் அப்பன் இல்ல.

– ஏங்க...

– இல்லன்னா இல்ல. ஹரிஹரனுக்குன்னா சொல்லு, எத்தனை கையெழுத்து வேணாலும் போடுறேன்.

– கோவப்படாம ஒண்ணு கேளுங்க. நான் பாடம் எடுக்கப் போற சென்டர்ல ஒரு பொண்ணு இருக்கு. பேரு சொல்ல மாட்டேன், உங்ககிட்டயும். தலையாட்ட வராது, கை தூக்க வராது. அதுக்கு ஒண்ணுமே புரியாதுன்னுதான் அதோட அம்மா நெனச்சிருந்தாங்க. நான் கிட்டக்க போயி உக்காந்து, ‘தண்ணி வேணும்னா மேல பாரு, வேணாம்னா கண்ண மூடிக்க’ன்னேன்.

– நம்ம புள்ள சொல்லுவானே, அந்த மாதிரி.

– அதேதாங்க. மேல பாத்துச்சு. நான் வெளயாட்டுக்குப் பாத்துச்சோன்னு நெனச்சு, ‘பாயசம் வேணுமா?’ன்னேன். இன்னும் நல்லா மேல பாத்துச்சு. அவங்கம்மா அப்படியே தரையில உக்காந்து அழுதாங்க. அந்தப் பொண்ணு பேர நெட்டுல போட மாட்டேன்னு அந்தம்மாவுக்கு நான் வார்த்தை குடுத்திருக்கேன். அவங்க புள்ளைக்கு ஒரு சட்டம், நம்ம புள்ளைக்கு ஒரு சட்டமா?

– நீ சொல்றது சரிதான். வாயி சரிங்குது, மனசு கேக்க மாட்டேங்குது.

– எனக்கு மட்டும் கேக்குதா? ‘பேச்சு இல்லை’ன்னு எழுதிட்டு எந்திரிச்சுப் போயி கொல்லையில நின்னவதான். வண்டி சத்தம் கேட்டா அப்பா வர்றாருன்னு சிரிப்பானே, அதை எழுத அதுல எடமே இல்ல. எத்தனை தடவ செஞ்சான், யாராவது புடிச்சுக்கிட்டாங்களா, இதுதான் கேக்குறாங்க.

– என் வண்டி சத்தத்துக்கா சிரிப்பான்?

– உங்களுக்குத் தெரியாதா?

– நான் வரும்போதெல்லாம் சிரிச்சுக்கிட்டுத்தான் இருப்பான். எப்பவுமே அப்படித்தான்னு நெனச்சேன்.

– எப்பவுமெல்லாம் இல்ல. பக்கத்து வீட்டு வண்டிக்குத் திரும்பக்கூட மாட்டான். உங்க வண்டி வரிச்சிக்குடி ரோட்டுலேருந்து நம்ம தெருவுல திரும்பணும், உடனே ஆரம்பிச்சுருவான். அத வச்சுத்தான் நான் அடுப்புல தோசைக்கல்லே போடுவேன்.

– போதும் லேகா.

– ஏங்க, அழுவாதீங்க.

– அழுவல. அந்தக் கடுதாசியக் குடு இங்க. பேனா எங்க?

– பேரு?

– மாணவன் அ-ன்னே இருக்கட்டும். அந்தப் பொண்ணுக்குச் செய்யுறத இவனுக்கும் செஞ்சுருவோம். இந்தா, போட்டுட்டேன். மாலை போட்ட படத்தையும் எடுத்துடறேன்.

– பக்கத்துலேருந்து எடுங்க, அழிச்சுடாதீங்க. உங்க போன்ல கெடக்கட்டும்.

– ம். எடுத்தாச்சு. இன்னும் என்ன பாக்கி?

– ஒரே ஒரு பக்கம். ‘எனக்குக் கற்பித்த ஆசிரியர்’னு தலைப்பு அவங்களே குடுத்திருக்காங்க. இந்த வேலைய நாம யாருகிட்ட கத்துக்கிட்டோம்னு எழுதணுமாம்.

– அதுக்கென்ன, உங்க சென்டர் நீலமேகம் சார்தானே? அடிக்கட்டா? படமும் கேக்குறாங்களா?

– முழுப் பேரும் படமும் கட்டாயம். மூஞ்சி நல்லாத் தெரியணுமாம்.

– ரைட்டு. நீலமேகம்... இனிஷியல் என்னா அவருக்கு?

– சார் இல்லீங்க. ஹரிஹரன்னு அடிங்க.