மூன்று சக்கரத்தில் நின்ற விமானம்

—தொடாதே, தொடாதே! றெக்கையில பெயின்ட் இன்னும் காயலை.

—நான் எங்கங்க தொட்டேன்? பையை வைக்க இடம் தேடறேன். பேருதான் சாப்பாட்டு மேஜை, ஒரு தட்டு வைக்க இடம் இருக்கா? எங்க பார்த்தாலும் பசை, பிளேடு, உங்க கிளினிக்ல பல்லு குடையற கம்பி.

—அந்தக் கம்பிதான், டீச்சர், இண்டு இடுக்குல பெயின்ட் வைக்க வசதி. பையை நாற்காலியில வச்சுட்டு உட்காரு. மூஞ்சி ஏன் தொங்கிப் போயிருக்கு?

—நாள் பூரா பரீட்சை ஹால்ல நின்னா மூஞ்சி வேற எப்படி இருக்கும்? கால் கழண்டு விழற மாதிரி இருக்கு. இதுல பிட்டு அடிச்சவன் ஒருத்தனை வேற புடிச்சேன். தேம்பித் தேம்பி அழறான். போய்த் தொலையறான், விட்டுடலாமான்னு இருந்துச்சு.

—விட்டியா?

—விடுவேனா? பேப்பரைப் புடுங்கி ஹெட்மாஸ்டர்கிட்ட குடுத்துட்டுத்தான் வந்தேன்.

—அதான் என் டீச்சர். சரி, இந்தப் பக்கம் வா. பிளேன் முடிஞ்சுது.

—அழகா இருக்குங்க.

—பார்க்காமலே சொல்றே. இந்தா, லென்ஸ் வழியா பாரு. உள்ள பைலட் உட்கார்ந்திருக்கானா? அவன் சீட் பெல்ட் தெரியுதா? முதுகு மேல ஓடுதே வயர், அது தலைமுடி கனம்கூட இருக்காது. எப்படி விறைப்பா நிக்குது பாரு. முதல் பொம்மை பிளேன் பெட்டி வாங்கினப்ப இதே மாதிரி வயரை எத்தனை தடவை உடைச்சேன்? பெட்டியோட தூக்கிக் குப்பையில போடப் போனேனே, ஞாபகம் இருக்கா?

—எப்படி மறக்கும்? பால்கனியில போய் நின்னு அழுதீங்க.

—அழலை. பசை கண்ணுல பட்டுச்சு.

—அது சரி.

—சொல்றதைக் கேளு. கைக்கு வேலை குடுங்கன்னு நரம்பு டாக்டர் சொன்னார். எனக்கு வேற என்ன தெரியும்? சின்ன வயசுல ஒட்டின பிளேன்தான் ஞாபகம் வந்துச்சு. காலேஜ் சேர்ந்தப்ப விட்டது, திரும்ப எடுத்தேன். முதல்ல ஒட்டினது கண்றாவி. அடுத்தது சுமார். இப்ப இதைப் பாரு. என் கை என்ன சொல்லுது?

—என்ன சொல்லுது?

—ரெடின்னு சொல்லுது. கிளினிக் பொண்ணுக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை திறக்கறோம்னு சொல்லிடு.

—இந்தத் திங்கட்கிழமையா?

—பின்னே? பூட்டிப் போட்டு எத்தனை மாசம் ஆச்சு. நீ காலையில ஓடறே, சாயங்காலம் கால் வீங்கி வர்றே. நான் பொம்மை விமானம் ஒட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். அலுத்துப்போச்சு டீச்சர். முதல் பேஷன்ட் நீதான். போன மாசம் பூரா ஒரு பக்கமாவே மென்னுக்கிட்டு இருந்தியே, அந்தக் கடைவாய்ப் பல்லைப் பார்த்துடலாம்.

—அது... அதுவே சரியாயிடுச்சுங்க.

—சொத்தைப் பல்லு தானா சரியாகுமா? பல் டாக்டர் பொண்டாட்டி பேசற பேச்சா இது?

—வலி இல்லைன்னா விடுங்களேன். இன்னும் கொஞ்ச நாள் மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கலாம்னுதானே நரம்பு டாக்டரே சொன்னார்?

—அவருக்கென்ன, சீட்டுல எழுதிட்டுப் போயிடுவார். இந்த வயரை விடச் சின்ன வேலை வாய்க்குள்ள இருக்கா, சொல்லு?

—வயர் உடைஞ்சா வயரோட போச்சு. வாய் அப்படியாங்க? அன்னிக்கு அந்தத் தாத்தாவுக்கு...

—தெரியும். அதைச் சொல்லாதே.

—உங்க கை தவறி, கன்னத்தோட உள்பக்கம் கிழிஞ்சு எவ்ளோ ரத்தம். பாவம், துணியை வாயில அடக்கிக்கிட்டு, பரவாயில்லை டாக்டர்னு உங்களையே தேத்திட்டுப் போனார்.

—சொல்லாதேன்னு சொன்னேன்ல?

—காலையில நீங்க டீ குடிச்சப்ப, கப்பும் சாஸரும் அடிச்சுக்கிட்ட சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டுச்சு.

—தூக்கக் கலக்கம்.

—அது சரி.

—நீ அது சரின்னா எதுவுமே சரியில்லைன்னு அர்த்தம். இரு, இரு. அடியில காஞ்சிருச்சான்னு பார்க்கறேன். ஏய், இது என்ன சத்தம்?

—என்ன சத்தம்?

—தூக்கினா உள்ள ஏதோ உருளுது. மூக்குப் பக்கம். கேளு, லொட லொடன்னு.

—பசைத் துணுக்கு ஏதாவது காஞ்சு கிடக்கும். கீழ வைங்க, விழுந்துடப் போகுது.

—டீச்சர், அந்தச் சின்ன மாத்திரை டப்பாவை இப்படித் தள்ளு.

—எதுக்கு?

—தள்ளேன். ம்... இதோ, ஈயக் குண்டு. வச்ச இடத்துலயே இருக்கு.

—இருக்கட்டுமே. அது எதுக்கு இப்ப?

—இது முன்னால ஒரு சக்கரம், பின்னால ரெண்டு சக்கரம் இருக்கிற பிளேன். உடம்பு ரெண்டு பாதியா வரும். அதைச் சேர்த்து ஒட்டி மூடறதுக்கு முன்னாடியே, மூக்குக்குள்ள கனமா ஒரு குண்டு வச்சாகணும். வைக்கலைன்னா வாலு கனத்துல பின்னால சாஞ்சு உட்கார்ந்துடும், மூக்கு வானத்தைப் பார்க்கும். நான் குண்டை வைக்காமலே மூடிட்டேன். குண்டு இங்க இருக்கு. அப்புறம் பிளேன் எப்படி மூணு சக்கரத்துலயும் நிக்குது?

—எனக்கென்னங்க தெரியும் இதெல்லாம்? நான் கணக்கு டீச்சர்.

—என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு.

—நட்டு.

—என்னது?

—தையல் மிஷின் டப்பாவுல கிடந்த நட்டு. ரெண்டு வச்சேன். ஒண்ணு கழண்டுக்கிச்சு போல.

—எப்ப வச்சே?

—நீங்க சாயங்காலம் நடக்கப் போயிருந்தப்ப. வந்து பார்த்தா, பிளேன் வாலை மேஜையில குத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கு. நீங்க பார்த்தா மனசு உடைஞ்சுபோயிடுவீங்கன்னு இருந்துச்சு. பெட்டியில இருக்கிற படத்தைப் பார்த்தேன், விஷயம் புரிஞ்சுது. வயித்துப் பக்கம் பிளேடால கீறி, நட்டை மூக்குப் பக்கம் தள்ளி வச்சு, மறுபடி ஒட்டி, மேல பூசித் தேய்ச்சு, பெயின்ட் அடிச்சு...

—வயர்?

—அதுவும்தான்.

—சீட் பெல்ட்?

—நீங்க ஒட்டினது அவன் கழுத்துல துண்டு போட்ட மாதிரி கிடந்துச்சு. பிரிச்சு ஒட்டினேன்.

—அப்ப நான் என்னதான் பண்ணேன் இதுல?

—பெரிய றெக்கை. சாம்பல் கலர். ஒரு சக்கரம்.

—ஒண்ணே ஒண்ணா?

—ஒண்ணரைன்னு வச்சுக்குங்களேன்.

—நல்லா இருக்கு டீச்சர். பள்ளிக்கூடத்துல பிட்டு புடிக்கிறவ, வீட்டுல எனக்கு மொத்தப் பரீட்சையும் எழுதிக் குடுத்திருக்கே.

—பரீட்சைன்னு எனக்குத் தெரியாதுங்க! சின்ன வயசு ஆசை, மனுஷனுக்குப் பொழுது போகட்டும்னு நினைச்சேன். அன்னிக்கு நீங்க அழுதுட்டு நடக்கப் போனீங்க. நான் அந்த வயரை எடுத்து நிமிர்த்தி வச்சேன். திரும்பி வந்து பார்த்துட்டுச் சிரிச்சீங்க. நீங்க சிரிச்சே எத்தனை நாள் ஆகியிருந்துச்சு! அதுக்காகவே மறுநாளும் உட்கார்ந்தேன். அப்புறம் விட முடியலை. இதை வச்சுத்தான் உங்க கையை நீங்க சோதிக்கறீங்கன்னு இப்பத்தானே தெரியுது.

—அப்ப திங்கட்கிழமை?

—இருங்க, டீ போட்டு எடுத்துட்டு வர்றேன்.

—டீ அப்புறம். வாயைத் திறந்து சொல்லு.

—போகாதீங்க.

—இன்னொரு தடவை சொல்லு.

—போகாதீங்க. அந்தக் கையை இன்னொருத்தர் வாயில வைக்காதீங்க. கோவம் வந்தா என்னைத் திட்டுங்க, இந்தப் பிளேனைப் போட்டு உடைங்க. ஆனா போகாதீங்க.

—சரி.

—என்ன சரி?

—போகலை. கிளினிக் பொண்ணுக்கு நீ போன் போட வேண்டாம், அவளுக்கு ஏற்கெனவே தெரியும். திங்கட்கிழமை என் ஜூனியர் வந்து திறப்பான். இனிமே அது அவன் கிளினிக். சாவியைப் போன வாரமே குடுத்துட்டேன்.

—போன வாரமேவா?

—உன் பல்லை அவன்தான் அடைச்சானாமே. சாவி வாங்கறப்ப சொன்னான், என் மூஞ்சியைப் பார்க்காம. பாவம், அவன் என்ன பண்ணுவான்? நல்லாத்தான் அடைச்சிருப்பான். கடிக்கிறப்ப உசரமா தட்டுதா?

—கொஞ்சம் தட்டுது.

—போய்த் தேய்ச்சு விடச் சொல்லு. விட்டா தாடை வலிக்கும்.

—எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டா, முதல் பேஷன்ட் நீதான்னு என்னைப் போட்டு வாட்டினீங்க? எதுக்குங்க?

—எல்லாரும் சரியாயிடும், சரியாயிடும்னே சொல்றீங்க. அந்த நரம்பு டாக்டரு, ஜூனியரு, நீ. உள்ளுக்குள்ள எல்லாருக்கும் தெரியும், வெளியில ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறீங்க. அதை நான் ஒருத்தனே சுமந்துக்கிட்டு, உங்க எதிர்ல நடிச்சுக்கிட்டு... முடியலை. நீயாவது ஒரு தடவை போகாதேன்னு சொல்லிட மாட்டியான்னு இருந்துச்சு.

—அந்த நட்டு உருளாம இருந்திருந்தா? குண்டு வைக்க நீங்க மறக்காம இருந்திருந்தா? நான் கடைசி வரைக்கும் சொல்லியிருக்கவே மாட்டேனேங்க!

—பத்து வயசுல எங்க அண்ணன் மண்டையில குட்டிச் சொல்லிக் குடுத்த முதல் பாடம் அது. அதையா மறப்பேன்? வயரெல்லாம் தானா நிமிர்ற வீடாச்சே, வாலும் தானா எழுந்திருக்குதான்னு பார்க்கத்தான் டீச்சர் குண்டை வைக்காம மூடினேன்.