பெங்களூருக்கு அனுப்பிவைத்த ஏசி

திருமயிலையில் பறக்கும் ரயில் கிளம்பியதும், எனக்கு எதிரே கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு உட்கார்ந்திருந்தவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

“பெங்களூர்ல வாடகை ரெண்டு மடங்காம் மச்சி. பைக்கை எடுத்துட்டுப் போனா, அங்க மறுபடியும் ரோடு டாக்ஸ் கட்டணுமாம். ஆனா அந்த ஊருக்கு ஏசி தேவையில்ல பாரு, கரண்ட் பில்லுல சரிக்கட்டிடலாம்.”

“உன் வீட்டுல இங்கயே ஏசி கிடையாதேடா.”

“அங்கதான் கணக்கு உதைக்குது.”

“அப்ப போகலைன்னு கம்பெனியில சொல்லிடு.”

“ப்ரமோஷன் குடுத்து அனுப்புறாங்கடா, எப்படிச் சொல்றது? அதை எதுக்குக் குடுத்தாங்க தெரியுமா? வீட்டு வெக்கை தாங்காம, தினமும் எல்லாரும் போன பிறகும் பெருங்குடி ஆபீஸ் ஏசியிலயே உட்காந்திருந்தேன். மேனேஜர் அதைப் பாத்துட்டு, இவனை மாதிரி உழைக்க ஆளே இல்லைன்னு முடிவு பண்ணிட்டாரு.”

நண்பர் சிரித்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

“சிரிக்காத மச்சி. அங்க வீடே ஜில்லுனு இருக்கும். ஆறு மணி அடிச்சா கிளம்பிடுவேன். ஒரே மாசத்துல நான் யாருன்னு தெரிஞ்சிடும்.”