முந்நூற்றுப் பதினெட்டுச் சாடிகளின் பதிவாளர்

தலைமை தாங்கும் டொக்டர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் அமரரின் மகள் ரூபிகா அவர்களே, வெள்ளவத்தை மாடித்தோட்டச் சங்கத்துச் சொந்தங்களே, கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் அன்பர்களே! சங்கத்தின் செயலாளர் பாலேஸ்வரி ரீச்சர் பேசுகிறேன். அழுவதற்கு வீட்டில் நேரம் இருக்கிறது. இங்கே ஒரு வேலை இருக்கிறது.

யார் இந்த யோகநாதன்? புதுக்கடை நீதிமன்றத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் கோப்புகளைக் காத்த பதிவாளர். ஓய்வு பெற்றதும் தன் தொடர்மாடியின் மொட்டைமாடிக்கு ஏறினார். முந்நூற்றுப் பதினெட்டுப் பூச்சாடிகள்! ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு படம், யார் தந்தது, எப்போது நட்டது, என்ன உரம் என்று எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினார். அதற்கென்றே ஒரு மென்பொருளைத் தேடிப் பிடித்து, அறுபத்திரண்டு வயதில் தானாகவே பழகினார்.

நான் சிரித்தேன். "செடிக்கும் வழக்கு எண்ணா?" என்று கேட்டேன். "ஓம் ரீச்சர். எழுதி வைக்காட்டி மறந்துபோவன். மறந்தால் செத்துப்போகும்" என்றார். செத்த செடியின் பதிவை அழித்தாரா? இல்லை! "இறந்தது. காரணம்: தண்ணீர் கூடிவிட்டது. பிழை: யோகநாதன்" என்று எழுதினார். தன் பிழையைத் தன் கையாலேயே பதிகிற மனிதர் நம்மில் எத்தனை பேர்?

என் பிழையும் அதில் இருக்கிறது. மாடிக்குத் தார் பூச வேண்டி வந்தபோது சாடிகளை நகர்த்தும் பொறுப்பை நான் எடுத்தேன். பூச்சு முடிந்ததும் திருப்பி வைத்தேன். எப்படி வைத்தேன்? உயரமானவை பின்னால், குள்ளமானவை முன்னால், வகுப்புப் படத்துக்குப் பிள்ளைகளை நிறுத்துவது போல! அழகாகத்தான் இருந்தது. ஆனால் கணினி ஒவ்வொரு செடியையும் வரிசையும் இடமும் வைத்தே அறிந்திருந்தது. யோகநாதன் ஐயா கோபிக்கவில்லை. இரண்டு கிழமை ஒவ்வொரு செடியாகப் படத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்தார். காரணம் என்ற கட்டத்தில், "ரீச்சர். நல்ல எண்ணம்" என்று எழுதினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இதெல்லாம் பொழுதுபோக்குத்தானே என்று நினைப்பவர்கள் ஷிஹாராவைக் கேளுங்கள்! அதே தொடர்மாடியின் இரண்டாம் மாடியில் அவருடைய சின்ன மகள் ஓர் இலையைக் கடித்து உதடு வீங்கி அழுதாள். அந்தச் செடி ஐயா கொடுத்தது. ஷிஹாரா ஐயாவுக்குப் போன் எடுத்துச் சாடியின் எண்ணைச் சொன்னார். அடுத்த நிமிடமே செடியின் பெயரும் நஞ்சின் விபரமும் அவருடைய போனில். டொக்டரிடம் அதைக் காட்டினார். பிள்ளை சுகமாகிவிட்டது. அன்று மாலையே ஐயா நஞ்சுள்ள செடிகள் எல்லாவற்றுக்கும் சிவப்புக் குறி போட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாதமுடிவில் ஐயாவின் வீடு கைமாறுகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் மாடி வெறுமையாக வேண்டும். ரூபிகா கனடாவுக்குத் திரும்ப வேண்டும். அவரைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. நேற்று நாங்கள் இருவரும் அந்தப் பதிவைத் திறந்தோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டே ஐயா அதில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார். அதற்கு அவர் இட்ட பெயர், "எனக்குப் பிறகு". இருநூற்று எழுபத்தேழு செடிகளுக்கு நேரே உங்கள் பெயர்கள் இருக்கின்றன. யார் வீட்டு வெயிலுக்கு எது என்று பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்!

மீதி நாற்பத்தொன்றுக்குப் பெயர் இல்லை. ஏன்? "நோய் வந்தவை. ஒருவரையும் வற்புறுத்தக் கூடாது" என்று குறிப்பு. ஐயா, மன்னியுங்கள். இந்த ஒரு விஷயத்தில் உங்கள் சொல்லை நான் கேட்கப் போவதில்லை.

அன்பர்களே, அந்தப் பதிவை நம் சங்கம் தொடர்ந்து எழுதும். பிழைத்ததையும் எழுதுவோம், செத்ததையும் எழுதுவோம். ரூபிகா மடிக்கணினியோடு காத்திருக்கிறார். நோயாளிகளில் ஐந்து என் வீட்டுக்கு. எழுதுங்கள் பிள்ளை! பின்வரிசையில் பஸீர் கை தூக்குகிறார். எத்தனை? நாலா? நல்லது. ஷிஹாரா மூன்று. அதோ, தலைமை தாங்கும் டொக்டரும் கை தூக்கிவிட்டார்!

மௌன அஞ்சலிக்கு எழும்பப் பார்ப்பவர்கள் தயவுசெய்து உட்காருங்கள். நாற்பத்தொன்றுக்கும் பெயர் விழட்டும். பிறகு எழும்புவோம்.